பங்காளியா, பக்கத்து வீட்டுக்காரரா? யூத – பாரசீகத் தந்தைவழியைத் தேட எந்தச் சோதனை எடுப்பது

லாஸ் ஏஞ்சலிஸில் நான் வேலை பார்க்கும் இடத்தில் ஈரானிலிருந்து வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஷிராஸ் நகரத்து யூதக் குடும்பம், இன்னொருவர் யஸ்த் பக்கத்து முஸ்லிம் குடும்பம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாரசீக மொழியில் ஓயாமல் வம்பளப்பார்கள். ஒரு நாள் இருவரும் செல்போனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு திரையிலும் ‘தந்தைவழி: ஜே2’ என்று இருந்தது. “நாங்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகளாம், பார்” என்றார் ஷிராஸ்காரர்.

“அவசரப்படாதீர்கள், ஜே2 வீட்டு நம்பர் இல்லை, கிட்டத்தட்ட கண்டத்தின் பெயர்” என்றேன். “சரி, வீட்டு நம்பர் தெரிய என்ன டெஸ்ட் எடுக்கணும்?” என்று திருப்பிக் கேட்டார்கள். அதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை. இதே கேள்வியை வாசகர்கள் சிலரும் வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். ஈரானிய யூதக் குடும்பத்தில் மணமுடித்த தமிழ்ப் பெண் ஒருவர் மாமனாருக்காகக் கேட்டார். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் தனக்கே ஜே2 வந்திருக்கிறதென்று பதறிப்போய் எழுதினார். எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

இந்த விஷயத்துக்குத் தமிழில் அருமையான சொல் ஒன்று இருக்கிறது: பங்காளி. அப்பா, அப்பாவின் அப்பா, அவருடைய அப்பா என்று ஆண்வழியாக மட்டும் போகிற உறவு. மாமன் மச்சானுக்கு அதில் இடமில்லை. ஒய் குரோமோசோமும் அப்படித்தான் இறங்கி வருகிறது, அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும். ஆகவே யூதர்களும் பாரசீகர்களும் தந்தைவழியில் சொந்தமா என்பதன் பொருள், அவர்கள் பங்காளிகளா, அப்படியென்றால் எந்தத் தலைமுறையில் பிரிந்தார்கள் என்பதுதான்.

## எதை வைத்து எடைபோடுவது

பிரிந்த காலத்தைச் சொல்லுமா? எனக்கு இதுதான் முதல் அளவுகோல். மற்ற எதுவும் இதற்கு அப்புறம்தான். ஏனென்றால் ‘பொதுவான தந்தைவழி’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேறு கதைகள் ஒளிந்திருக்கின்றன.

முதல் கதை மிகப் பழையது. ஒய் குரோமோசோம் வம்சமரத்தில் ஜே1, ஜே2 என்ற இரண்டு பெரிய கிளைகளும் சுமார் 30,000 ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. மேற்கு ஈரானின் ஜாக்ரோஸ் மலைத்தொடரிலிருந்து மத்தியதரைக் கடல் வரை விவசாயம் பரவிய காலத்தில் இவற்றின் உட்கிளைகள் அந்த நிலம் முழுக்கச் சிதறின. அப்போது யூதரும் இல்லை, பாரசீகரும் இல்லை. 2001இல் நெபல் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, யூதர்களின் ஒய் குரோமோசோம்கள் அரபு அண்டை மக்களைவிடக் குர்துகள், துருக்கியர், ஆர்மீனியர்களுக்கு நெருக்கமாக இருப்பதாகச் சொன்னது. அந்த நெருக்கத்தில் பெரும்பங்கு இந்தப் பழைய அடுக்கைச் சேர்ந்தது. இது ஒரே வட்டாரத்தில் வாழ்ந்த சொந்தம். பங்காளி என்று சொல்லிச் சொத்துக் கேட்க முடியாது.

இரண்டாவது கதைதான் பலரும் மனதில் வைத்துக் கேட்பது. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் அசீரியர்கள் வட இஸ்ரேல் மக்களைப் பிடித்துக்கொண்டு போய் மேதியர்களின் ஊர்களிலும் குடியமர்த்தியதாக விவிலியம் சொல்கிறது. கி.மு. 586இல் எருசலேம் விழுந்து யூதர்கள் பாபிலோனுக்குச் சிறை போனார்கள். கி.மு. 539இல் பாரசீக மன்னர் கோரேசு பாபிலோனைப் பிடித்தபின் சிலர் ஊர் திரும்பினார்கள், பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். அங்கிருந்து ஹமதான், இஸ்பகான், ஷிராஸ் என்று பரவினார்கள். 7ஆம் நூற்றாண்டில் சாசானியப் பேரரசு விழும்வரை பாரசீக ஆட்சிகளின் கீழ் ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக இரண்டு சமூகமும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தன. ஒரு கிளை இந்த இடைவெளியில் பிரிந்திருந்தால், அதை உண்மையான யூத – பாரசீகப் பங்காளித்தனம் என்று சொல்லலாம்.

மூன்றாவது கதை அண்மையது, அதிகம் பேசப்படாதது. 1650களில் சஃபாவிய மன்னர் இரண்டாம் அப்பாஸ் ஆட்சியில் இஸ்பகான் யூதர்கள் கட்டாய மதமாற்றத்துக்கு ஆளானார்கள். 1839இல் மஷ்ஹத் நகரில் ஒரு முழுச் சமூகமே ஒரே நாளில் முஸ்லிம்களாக அறிவிக்கப்பட்டு, பல தலைமுறை வெளியே தொழுகையும் வீட்டுக்குள் சப்பாத் என்ற யூத ஓய்வுநாளுமாக வாழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹமதான், காஷான் யூதர்கள் பலர் பஹாய் மதத்தில் சேர்ந்தார்கள். இன்று முஸ்லிம் பெயரோ பஹாய் பெயரோ வைத்திருக்கிற ஒரு ஈரானியரும் ஒரு யூதரும் ஐந்தாறு தலைமுறைக்கு முன் ஒரே தாத்தாவின் பேரன்களாக இருப்பதில் ஆச்சரியம் எதுவுமில்லை.

மூன்று கதைக்கும் மூன்று கருவி தேவைப்படுகிறது. எல்லாக் குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது.

யாரோடு ஒப்பிடும்? சோதனை எவ்வளவு நுட்பமானாலும் எதிர்ப்பக்கம் ஆள் இல்லையென்றால் பொருத்தம் வராது. வணிகத் தரவுத்தளங்களில் அமெரிக்க அஷ்கெனாசி (ஐரோப்பிய வழி) யூதர்கள் நிறைய, ஈரானியர்கள் கொஞ்சம். அமெரிக்கப் பொருளாதாரத் தடைகளால் ஈரானுக்குள் கிட் அனுப்புவதே கஷ்டம். இருக்கிற சில ஈரானிய மாதிரிகளும் பெரும்பாலும் வெளிநாட்டில் குடியேறியவர்களுடையவை.

மொத்தச் செலவு எவ்வளவு? பெட்டியின் மேல் போட்டிருக்கும் விலையோடு அது முடிவதில்லை. இரண்டாவது ஆளுக்கு எடுக்கும் சோதனை, மேம்படுத்தும் கட்டணம், அலசித் தருவதற்கான கட்டணம் எல்லாம் பின்னால் வரும்.

தகவல் யார் கையில் போகும்? யூதர், ஈரானியர் இரண்டு பேருக்குமே இது சாதாரணக் கேள்வி இல்லை.

## ஆட்டோசோமல் சோதனை

எல்லாரும் முதலில் வாங்குவது இதைத்தான். 100 டாலருக்குள் முடிந்துவிடும். எச்சிலைத் துப்பி அனுப்பினால் சில வாரத்தில் சதவீதங்களோடு வண்ண வரைபடம் வரும்.

நம் கேள்விக்கு இது நேரான கருவி இல்லை. 22 ஜோடிக் குரோமோசோம்களையும் கலந்து பார்ப்பதால் பங்காளி, மாமன், மச்சான், சம்பந்தி எல்லாரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிடும். தலைமுறைக்குத் தலைமுறை பாதி கழிந்துகொண்டே போவதால், பத்துத் தலைமுறைக்கு முந்திய ஒரு குறிப்பிட்ட தாத்தாவின் துண்டு உங்களிடம் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். கோரேசு காலம் என்றால் சுமார் 90 தலைமுறை.

ஆனால் ஒரு மக்கள் கூட்டம் முழுவதையும் பற்றிப் பேச இதைவிட நல்ல சாட்சி கிடையாது. 2010இல் பெஹார் குழுவும் அட்ஸ்மோன் குழுவும் தனித்தனியே வெளியிட்ட ஆய்வுகள் இந்த வகைத் தரவை வைத்துத்தான் செய்யப்பட்டன. ஈரானிய, ஈராக்கிய யூதர்கள் தனியாக ஒரு கொத்தாக நிற்கிறார்கள் என்று அட்ஸ்மோன் குழு காட்டியது. ஐரோப்பிய, சிரிய யூதர்களிடமிருந்து அந்தக் கொத்து 100 முதல் 150 தலைமுறைக்கு முன் பிரிந்திருக்க வேண்டும் என்றும் கணித்தது. பாபிலோன் சிறையிருப்பின் காலத்தோடு இது ஒத்துப்போகிறது.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. முதலாவது, உறவுக்குள்ளேயே திருமணம் செய்த சமூகங்களில் இந்தச் சோதனை உறவை ஊதிக் காட்டும். அத்தை மகள், மாமன் மகள் கல்யாணம் பார்த்த நமக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டாம். நாலு வழியில் தூரத்துச் சொந்தமாக இருப்பவர் கணக்கில் கிட்டத்து அண்ணனாகத் தெரிவார். ஈரானிய யூதர்களின் பொருத்தப் பட்டியலில் இது தினசரி நடக்கிற கூத்து.

இரண்டாவது செலவு பாதுகாப்பு. 2023 அக்டோபரில் 23அண்ட்மீ என்ற மரபணுச் சோதனை நிறுவனத்திலிருந்து திருடிய தகவலை ஒரு திருடன் விற்பனைக்குப் போட்டபோது முதலில் போட்ட பட்டியலே அஷ்கெனாசி யூதர்களுடையது. கடைசிக் கணக்கில் சுமார் 69 லட்சம் பயனர்களின் தகவல் கசிந்திருந்தது. அதே நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கோரியது. எச்சில் தந்தவர்களின் தகவல் அப்போது விற்பனைச் சொத்துக் கணக்கில் ஒரு வரியாக நின்றது.

சில நிறுவனங்கள் இந்தச் சோதனையோடு ஒய் கிளையின் பெயரையும் மேலோட்டமாகச் சொல்லும். என் நண்பர்கள் பார்த்த ‘ஜே2’ அப்படி வந்ததுதான். அதைத் தொடக்கப் புள்ளியாக எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

## ஒய் எஸ்டிஆர் சோதனை (37 அல்லது 111 மார்க்கர்)

ஒய் குரோமோசோமில் சில இடங்களில் ஒரே சிறு சொல் திக்குவாய்போலத் திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை என்று எண்ணினால் ஓர் எண் கிடைக்கும். பல இடங்களில் எண்ணினால் எண்களின் வரிசை. இப்படித் திரும்ப வருவதுதான் எஸ்டிஆர், எண்ணும் ஒவ்வோர் இடமும் ஒரு மார்க்கர். 37 இடம் எண்ண 100 டாலருக்குச் சற்று மேல் ஆகும்.

இந்த முறையின் பலத்தையும் பலவீனத்தையும் ஒரே கதையில் பார்க்கலாம். கார்ல் ஸ்கோரெக்கி ஒரு சிறுநீரக மருத்துவர், கோஹேன் என்ற யூத ஆசாரியக் குலத்தவர், குடும்பம் கிழக்கு ஐரோப்பிய வழி. ஒரு நாள் ஜெபக்கூடத்தில் தோரா வாசிக்க வட ஆப்பிரிக்க வழியில் வந்த இன்னொரு கோஹேன் எழுந்துபோனார். தோற்றத்தில் இருவருக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு பேரும் மோசேயின் அண்ணன் ஆரோனின் ஆண்வழி வாரிசு என்பது மரபு. அப்படியானால் ஒய் ஒத்துப்போக வேண்டுமே என்று தோன்றியிருக்கிறது. அதிலிருந்து 1997இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. அடுத்த ஆண்டு வந்த கட்டுரை ஆறு மார்க்கர்களின் வரிசையைக் கோஹேன்களின் அடையாளமாகக் காட்டியது: 14-16-23-10-11-12.

உலகமே அந்த ஆறு எண்ணைப் பிடித்துக்கொண்டது. தன் வரிசையில் அது இருப்பதைப் பார்த்தவர்களெல்லாம் ஆரோனின் வம்சம் ஆனார்கள். அப்புறம்தான் சிக்கல் வெளியே வந்தது. யூதர் அல்லாத மத்திய கிழக்கு ஆண்களிடமும் அதே வரிசை. அதைவிட மோசம், ஜே1 கிளையிலும் இருக்கிறது, ஜே2 கிளையிலும் இருக்கிறது. 30,000 ஆண்டுக்கு முன் பிரிந்த இரண்டு கிளைகளில் எண்கள் ஏறி இறங்கி ஒரே இடத்தில் வந்து நின்றுவிட்டன. இரண்டு ஊர் பஸ்ஸுக்கு ஒரே நம்பர் இருப்பதுபோல.

2009இல் ஹாமர் குழு மார்க்கர் எண்ணிக்கையை 12 ஆக்கி, கிளை அடையாளத்தையும் சேர்த்துப் பார்த்தது. கோஹேன்களில் 46.1 சதவீதம் பேர் ஜே1க்குள் இருக்கும் பி58 என்ற கிளை. அதற்குள் ஒரு நீண்ட வரிசை கோஹேன்களிடம் பெருவாரியாக இருந்தது, யூதரல்லாதவர்களிடம் கிட்டத்தட்ட இல்லை. அதன் வயது 3,190 ஆண்டு, கூட்டல் கழித்தல் 1,090. அந்தக் கூட்டல் கழித்தலைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு முனை ஆரோன் காலத்துக்கும் பல நூற்றாண்டு முந்தியது, மறுமுனை ரோமானியர் வருவதற்குச் சற்று முன். கோரேசுக்கு முன்னா பின்னா என்று அறிய விரும்புகிறவருக்கு இது உதவாது.

அப்படியானால் இது எதற்கு நல்லது? மூன்றாவது கதைக்கு. உங்கள் குடும்பம் மஷ்ஹத் வழி, தாத்தா யூதரென்று பாட்டி ரகசியமாகச் சொன்னார், இன்னொரு குடும்பமும் அதையே சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வீட்டு ஆண்களும் 37 மார்க்கர் எடுத்தால் போதும். 180 ஆண்டுக்குள் பிரிந்தவர்கள் என்றால் எண்கள் ஏறக்குறைய அப்படியே இருக்கும். பத்து இடத்தில் மாறினால் கதை வேறு.

இங்கே குடும்பப் பெயரை நம்பி இறங்காதீர்கள். ஈரானில் குடும்பப் பெயர் கட்டாயமானது 1920களில்தான். ஒரே தாத்தாவின் மகன்கள் பதிவு அலுவலகத்தில் வேறு வேறு பெயர் எழுதிக்கொண்ட வீடுகள் உண்டு.

மறைந்திருக்கும் செலவு, தவணையில் வாங்குகிற செலவு. 37 எடுத்து, திருப்தியில்லாமல் 111க்கு ஏறி, கடைசியில் ஆழச் சோதனைக்குப் போகிறவர் நேராக அதையே வாங்கியவரைவிட அதிகம் கொடுத்திருப்பார்.

## ஆழமான ஒய் வரிசைச் சோதனை

‘பிக் ஒய்-700’ என்ற பெயரில் பலருக்குத் தெரிந்தது. பட்டியல் விலை சுமார் 450 டாலர், தந்தையர் தினம் மாதிரி நாட்களில் குறையும். எண்ணுவதை விட்டுவிட்டு எழுத்தெழுத்தாகப் படிக்கிற முறை இது. ஒய் குரோமோசோமில் நம்பிப் படிக்கக்கூடிய பகுதி ஏறத்தாழ ஒன்றரைக் கோடி எழுத்து. அதில் சராசரியாக 80 சொச்சம் ஆண்டுக்கு ஓர் எழுத்துப் பிழை விழுகிறது. விழுந்த பிழை பெரும்பாலும் திரும்பிப் பழையபடி ஆவதில்லை. கோவில் கல்வெட்டில் மூன்று தலைமுறைக்கு ஒருவர் ஒரு கீறல் போட்டுவிட்டுப் போனதுபோல, கீறல்களை எண்ணினால் காலம் தெரியும், யார் யார் எந்தக் கீறல்வரை ஒன்றாக வந்தார்கள் என்பதும் தெரியும்.

இது என்ன செய்யும் என்பதற்கு பழைய ஆலயப் பணிக் குலமான லேவியர்களின் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது, அதுவும் ஈரானைத் தொட்டுக்கொண்டு போகிற கதை.

2003இல் ஒரு ஆய்வு, அஷ்கெனாசி லேவியர்களில் பாதிப்பேர் ஆர்1ஏ கிளை என்று கண்டது. ஆர்1ஏ கிழக்கு ஐரோப்பாவில் மண்டிக்கிடக்கும் கிளை. ஆகவே எங்கோ ஒரு ஸ்லாவிய ஆணோ, கஸார் என்ற பழைய துருக்கிய இனத்து ஆணோ லேவியர் குலத்துக்குள் நுழைந்திருக்கலாம் என்ற ஊகம் பத்து ஆண்டு ஓடியது. எஸ்டிஆர் எண்களையும் மேலோட்டமான கிளைப் பெயரையும் வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

2013இல் ரூட்சி குழு முழு ஒய் வரிசைகளைப் படித்தது. லேவியர் கிளையை மட்டும் தனித்துக் காட்டும் 19 எழுத்து மாற்றங்கள் கிடைத்தன. அதில் எம்582 என்ற ஒன்றை எடுத்துக்கொண்டு 2,834 ஆர்1ஏ மாதிரிகளில் தேடினார்கள். கிழக்கு ஐரோப்பியர் 922 பேரில் ஒருவரிடமும் இல்லை. அண்மைக் கிழக்கு ஆண்கள் 303 பேரில் 5.9 சதவீதம் பேரிடம் இருந்தது. அங்கே அதன் உட்பிரிவுகளும் அதிகம். அண்மைக் கிழக்கு என்று சொன்னதற்குள் ஈரானின் கெர்மான் பகுதி ஆட்களும் ஈரானிய அஸெரிகளும் உண்டு. பத்து ஆண்டு ஊகம் ஒரே எழுத்தில் கவிழ்ந்தது.

2017இல் பெஹார் குழு 486 ஒய் வரிசைகளோடு இன்னும் நெருங்கிப் போனது. லேவியர் கிளைக்கு ஒய்2619 என்று பெயர், எல்லாக் கிளைகளும் ஒன்றுசேரும் தாத்தாவின் காலம் சுமார் 1,743 ஆண்டுகளுக்கு முன். அந்த மனிதர் மத்திய கிழக்கு வழி என்றும், எபிரேயர்களிடையே அது சிறுபான்மைக் கிளையாக இருந்திருக்கும் என்றும் முடிவுக்கு வந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு ‘அப்போ லேவியர்கள் பாரசீகர்கள்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. கிளையின் தூரத்துச் சகோதரர்கள் ஈரானில் இருக்கிறார்கள் என்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போனது என்பது வேறு கேள்வி. ஒரு பிரிவு கி.மு. 300இல் நடந்தது என்று தெரிந்தாலும், யூதர் ஒருவரின் மகன் பாரசீகர் ஆனாரா, பாரசீகர் ஒருவரின் மகன் யூதர் ஆனாரா என்பதை அந்த ஆண்டு மட்டும் சொல்லாது. விவிலியத்தின் எஸ்தர் நூலே அந்நாட்டு மக்களில் பலர் யூதரானதாகச் சொல்கிறது, நினைவிருக்கட்டும். திசை தெரிய, எந்தக் கிளை எந்தக் கிளைக்குள் அடங்குகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு இருபக்கமும் நிறைய ஆட்கள் வேண்டும்.

இதுதான் இந்தச் சோதனையின் பெரிய மறைமுகச் செலவு. 450 டாலர் கொடுத்துப் படித்த வரிசை, மரத்தில் தனிக் கொம்பாக நிற்கலாம். உங்களுக்கு அடுத்த ஆள் 5,000 ஆண்டுக்கு முன் பிரிந்தவர் என்று வரும். அதற்கு அர்த்தம் உங்களுக்கு ஈரானில் பங்காளி இல்லை என்பதல்ல, ஈரானில் யாரும் இன்னும் சோதனை எடுக்கவில்லை என்பது. 2012இல் வெளியான பெரிய ஈரானிய ஒய் ஆய்வு 15 இனக்குழுக்களின் 938 ஆண்களைப் பார்த்தது, ஆனால் அது பழைய முறை, முழு வரிசை இல்லை. ஆகவே குறிப்பான சந்தேகம் இருந்தால் எதிர்ப்பக்கத்து ஆளுக்கும் சேர்த்து நீங்களே 900 டாலர் ஒதுக்க வேண்டிவரும். அஷ்கெனாசி அல்லாத யூதச் சமூகங்களின் மாதிரிகளைத் திரட்டும் அவோதைனு டிஎன்ஏ திட்டம் போன்ற குழுக்களில் சேர்வது இந்தத் தனிமையை ஓரளவு குறைக்கும்.

## முழு மரபணுத் தொகுதி வரிசை

சில நூறு டாலரில் உடம்பின் முழு வரிசையும் கிடைக்கிறது, ஒய் அதற்குள் அடக்கம். 2023இல்தான் ஒய் குரோமோசோமின் 6.2 கோடி சொச்சம் எழுத்தும் முதன்முறையாக முழுதாகப் படிக்கப்பட்டது. ஆகவே இன்று எடுத்து வைத்த வரிசையிலிருந்து நாளை இன்னும் தகவல் எடுக்க வாய்ப்பிருக்கிறது.

ஆனால் பொருத்தப் பட்டியல் தட்டில் வைத்து வராது. பல பத்து ஜிபி கோப்பை இறக்கி, அதிலிருந்து ஒய் பகுதியை எடுத்து, ஒய்ஃபுல் போன்ற மர அமைப்புத் தளத்துக்குத் தனிக் கட்டணம் கட்டி ஏற்ற வேண்டும். கணினியோடு மல்லுக்கட்டப் பொறுமை இல்லாதவருக்கு இது சரிப்படாது.

இன்னொன்றும் இருக்கிறது. கேட்காத கேள்விக்கும் பதில் வந்துவிடும். ஈரானிய யூதர்களிடையே ஜிஎன்இ மயோபதி என்ற தசைநோயின் மாற்றத்தைச் சுமப்பவர்கள் 15 முதல் 20 பேரில் ஒருவர். மயக்க மருந்து கொடுக்கும்போது ஆபத்தாகிற ஒரு நொதிக் குறைபாடும் அவர்களிடம் அதிகம். இதை லாபம் என்றும் பார்க்கலாம், தலைவலி என்றும் பார்க்கலாம். என்னைக் கேட்டால், கல்யாண வயதுப் பிள்ளைகள் இருக்கும் ஈரானிய யூதக் குடும்பத்துக்கு இது லாபம். ஆனால் வம்சம் தேடப் போன இடத்தில் தற்செயலாகக் கிடைப்பதைவிட மரபணு ஆலோசகரிடம் போய்க் கேட்டு எடுப்பது நல்லது.

## ஒரு பார்வையில்

| | ஆட்டோசோமல் | எஸ்டிஆர் 37 | ஆழ ஒய் | முழுத் தொகுதி |
|---|---|---|---|---|
| தோராய விலை | 100 டாலருக்குள் | 100 டாலருக்குச் சற்று மேல் | 450 டாலர் | சில நூறு டாலர் |
| பங்காளி வழி மட்டுமா | இல்லை | ஆம் | ஆம் | பிரித்தெடுத்தால் ஆம் |
| கடந்த 400 ஆண்டு | தோராயம், ஊதிக் காட்டும் | நன்றாகச் சொல்லும் | மிக நன்றாக | மிக நன்றாக |
| கோரேசு காலம் | தனி மனிதருக்குச் சொல்லாது | சொல்லாது | சில நூற்றாண்டுப் பிழையோடு சொல்லும் | அதே |
| பொருத்தம் தேட ஆள் | நிறைய | ஓரளவு | ஈரான் பக்கம் குறைவு | தனியே ஏற்ற வேண்டும் |
| எதிர்பாராத செலவு | தகவல் கசிவு | மேம்படுத்தும் தவணை | இரண்டாவது ஆள் | நேரம், நோய்த் தகவல் |

## யார் எதை எடுக்கலாம்

மாமனாருக்காகக் கேட்ட வாசகி: அவருடைய ஆர்வம் ‘நாங்கள் எப்போது பாரசீகம் வந்தோம்’ என்பதாக இருந்தால் ஆழ ஒய் ஒன்றுதான் வழி, வேறு எதிலும் காசைப் போட வேண்டாம். உங்கள் கணவரோ மாமனாரோ யார் எடுத்தாலும் ஒய் ஒன்றுதான். ஆனால் வயதானவருடைய மாதிரியை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள், ஒரு தலைமுறை மிச்சம். மாமியாரின் தந்தைவழி தெரிய வேண்டுமென்றால் அவருடைய அண்ணன் தம்பியையோ சித்தப்பா மகனையோதான் பிடிக்க வேண்டும், பெண்களிடம் ஒய் இல்லை.

மாமனார் இஸ்ரேலில் இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். அங்கே 2000ஆம் ஆண்டின் மரபணுத் தகவல் சட்டப்படி உறவுமுறை கண்டறியும் சோதனைக்கு நீதிமன்ற உத்தரவு வேண்டும். பிறப்பு முறைகேடு வெளிப்பட்டால் யூத மதச் சட்டத்தில் ஒருவர் திருமணமே செய்ய முடியாமல் போகலாம் என்ற கவலையும் பின்னால் இருக்கிறது.

மதம் மாறிய குடும்பக் கதையைச் சரிபார்க்க விரும்புகிறவர்களுக்கு எஸ்டிஆர் 37, இரண்டு வீட்டிலும். எடுப்பதற்கு முன்னால் அந்த இரண்டாவது வீட்டிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். ஈரானுக்குள் சொந்தபந்தம் இருக்கிறவருக்கு, தாத்தா யூதர் என்றோ பஹாய் என்றோ ஒரு தளத்தில் பெயரோடு நிற்பது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. புனைபெயரும் தனி மின்னஞ்சலும் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

மாணவர்கள், சும்மா ஆர்வம் உள்ளவர்கள்: எதுவும் வாங்க வேண்டாம். மேலே சொன்ன 2013, 2017 லேவியர் கட்டுரைகள் இரண்டும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன, ஒய் மரங்களும் திறந்தே இருக்கின்றன. 450 டாலருக்குப் புத்தகம் வாங்குங்கள்.

கோயம்புத்தூர்க்காரருக்கு: ஜே2 தென்னிந்தியாவிலும் பழைய காலத்திலிருந்தே உண்டு, அதன் இரண்டு பெரிய உட்பிரிவுகளும் இங்கே இருக்கின்றன. ஆர்1ஏ வந்திருந்தாலும் கதை அதேதான். லேவியர் கிளையும் நம்மூர் ஆர்1ஏவும் இஸட்93 என்ற ஒரே பெருங்கிளைக்குள் வருகின்றன, கிழக்கு ஐரோப்பியக் கிளை அதற்கு வெளியே. அதற்காக யாரும் லேவியர் ஆகிவிட மாட்டார்கள். பதற வேண்டாம்.

என் இரண்டு நண்பர்களும் என் பேச்சைக் கேட்காமல் முதலில் 37 மார்க்கர்தான் எடுத்தார்கள். பொருந்தவில்லை. அப்புறம் தள்ளுபடி நாளுக்குக் காத்திருந்து ஆழ ஒய்க்கு ஏறினார்கள். இருவரும் பிரிந்தது ஏறத்தாழ 9,000 ஆண்டுக்கு முன் என்று வந்தது. பங்காளி என்ற சொல்லையும், பங்காளிகள் எதற்காகப் பிரிவார்கள் என்பதையும் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருந்தேன். “கோதுமை வயல் தகராறாகத்தான் இருக்கும்” என்றார் யஸ்த்காரர். ஷிராஸ்காரரின் கொம்பில் இன்னும் யாரும் வந்து உட்காரவில்லை. ஹமதான் யூதர் ஒருவர் கிட் அனுப்பியிருக்கிறாராம், வாரம் ஒரு முறை போனைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.